உழைக்கும் தாயும் சேயின் உணவும்

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதிய உணவு. தண்ணீரும் வேண்டுவதில்லை என்பது மருத்துவர் துணிபு. இதனை நாம் அறிவோம். ஆனால், ஆலையிலும் அலுவலகத்திலும் உழைக்கும் தாய் இதனை எங்ஙனம் நிறைவேற்றுவாள் என எண்ணிப் பார்ப்போர் நம்முள் சிலரே.

1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், பணிக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தை 15 மாதம் எய்தும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் நீங்கலாக, நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதலிரு குழந்தைகளுக்கு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் விதித்தது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன.

26 வாரம் ஆறு மாதம் அன்றோ, அதுவே போதாதா எனச் சிலர் வினவக்கூடும். அதில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே கழியலாம். அவ்வாறாயின், பின்னர் எஞ்சுவது 18 வாரமே. குழந்தை தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் பருவத்திலேயே தாய் பணிக்குத் திரும்ப நேரிடுகிறது.

குழந்தை குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். வெளிப்படாத பால் கட்டிக்கொண்டு வலி தரும். நாளடைவில் சுரப்பும் குன்றும். ஆதலின், இடைவேளை என்பது மேலதிகாரி காட்டும் சலுகையன்று. தாயின் உடலும் சேயின் பசியும் வேண்டுவது. காப்பகம் தொலைவில் இருப்பின் அவ்வேளை வழியிலேயே தீர்ந்துவிடும். குழந்தையை உடன் கொணர இயலாதவள் பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்கலாம். அதற்குத் தாழிட்ட தூய அறை, நாற்காலி, கை கழுவ நீர் ஆகியவை போதும். கழிப்பறை அதற்குரிய இடமன்று. எடுத்த பால் மிதமான வெப்பமுள்ள அறையில் நான்கு மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாளும் கெடாது. நம் நாட்டுக் கோடையில் உடனே குளிர்ப்பெட்டியில் வைப்பதே நன்று.

அன்றாடக் கூலிக்கு மண் சுமக்கும் சித்தாள் பெண்டிர்க்கோ இவ்வுரிமைகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் தொடங்கி வழிகாட்டினார். உழைப்பவளை நாடிக் காப்பகம் செல்ல வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. சட்டம் நேரத்தைத் தந்தது; அருகிலேயே இடத்தைத் தருவது பணி கொள்ளும் நம் அனைவரின் கடமையாகும்.