விலைப்பட்டியலுக்குக் காவல் நிற்கும் விரல்

புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் சீட்டை நீட்டினால் மட்டும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். வாசல் தூணில் ஒளிரும் சிறு கண்ணாடி ஒன்றில் சுட்டுவிரலையும் வைக்க வேண்டும். முதல் நாள் வைத்த விரலோடு அது ஒத்துப்போக வேண்டும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்வந்த மன்னார்க்காரர் பலருக்கு இது ஒரு வியப்பு. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வந்த சிலாவத்துறைக்காரருக்கோ விரல் கொடுப்பது பழகிப்போன விஷயம். ஆனால் அங்கே கேட்பது ஓர் அரசாங்கம். ராட்டினம் ஏறப் போகிறவரிடம் எதற்கு விரல்?

விடை விலைப்பட்டியலில் இருக்கிறது. டிஸ்னியில் ஒரு நாள் சீட்டின் விலை கூட. நாட்களைக் கூட்டிக் கூட்டி வாங்கினால் நாளொன்றுக்கு விழும் விலை குறைந்துகொண்டே போகும். அதனால் ஐந்து நாள் சீட்டு வாங்கி மூன்று நாள் சுற்றிவிட்டு, மிச்ச இரண்டு நாளை இன்னொருவருக்குக் கைமாற்றுவது இலாபமான வேலை. அப்படி மிஞ்சிய நாட்களை வாங்கி விற்கிற தரகர்களும் இருந்தார்கள். இதை அடைக்க டிஸ்னி 1990களின் நடுவில் ஆண்டுச் சீட்டுக்காரரின் விரல்களுடைய நீள அகலத்தை அளக்கத் தொடங்கியது. 2000களின் நடுவில் அந்த அளவைக்குப் பதிலாக ரேகை வந்தது. நாளொன்றின் விலை எப்போதும் ஒன்றாகவே இருந்திருந்தால் மிச்ச நாளை வாங்க எவரும் வந்திருக்கமாட்டார், வாசலில் விரலும் தேவைப்பட்டிராது.

ஆளுக்கு ஆள் விலை மாறும் இடமெல்லாம் அடையாளக் கேள்வி முளைக்கிறது. எங்கள் சிலாவத்துறைக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியைத் தாண்டினால் வில்பத்துக் காடு. அங்கே உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. வித்தியாசத்தைத் தீர்க்க அடையாள அட்டையே போதும், விரலை யாரும் கேட்பதில்லை. கடவுச்சீட்டுக்கோ 2015 ஓகஸ்டிலிருந்து இலங்கையில் விரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விரல் ரேகையை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இதே மாதிரியான ஒரு கணக்குத்தான். 1858 ஜூலையில், வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, வீதிக்குப் பொருள் வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதிக்க வைத்தார். பின்னாளில் கையெழுத்தை மறுத்துப் பேசாதிருக்கச் செய்த ஏற்பாடு அது, விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் ஹெர்ஷல் அதோடு விடவில்லை. 1877இல் ஹூக்ளியில் நீதவானாக இருந்தபோது ஓய்வூதியம் வாங்க வருபவர்களிடம் விரலடையாளம் எடுத்தார். இறந்துபோனவரின் பெயரில் உறவினர் வந்து பணம் வாங்கிப்போவதைத் தடுப்பது நோக்கம். ஒருவருக்குரிய உரிமையை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் ஹூக்ளியின் கேள்வி; டிஸ்னி வாசலின் கேள்வியும் அதுவே. குற்றவாளியைத் தேடும் வேலை பின்னால் வந்தது. 1897இல் கல்கத்தாவில் பொலிசுக்கென விரலடையாளப் பணியகம் திறக்கப்பட்டது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்களில் அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் முக்கியமானவர்கள். முறைக்கு நின்ற பெயர் என்னவோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

இரட்டைப் பிள்ளைகளுக்கும் ரேகை வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் வேறு என்பதற்கு அண்மையில்தான் தெளிவான விடை வந்திருக்கிறது. தாயின் வயிற்றில் ஏறக்குறைய பத்தாம் வாரத்துக்குப் பின் விரல் நுனித் தோலில் மேடுகள் எழத் தொடங்குகின்றன. எடின்பரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு, மேடு எழச் சொல்லும் புரதங்களும் எழாதே என்று தடுக்கும் புரதங்களும் ஒன்றோடொன்று போட்டியிடுவதைக் காட்டியது. இப்படிப்பட்ட போட்டி தானாகவே வரிகளை உண்டாக்கும் என்று கணிதவியலாளர் அலன் டூரிங் 1952இலேயே எழுதியிருந்தார். வரிகள் விரல் நுனியின் நடுவில், நகத்துக்குக் கீழ்ப்பக்கத்தில், முதல் மூட்டின் மடிப்பில் என மூன்று இடங்களில் தொடங்கி அலையாகப் பரவுகின்றன. இந்த அலைகள் எப்போது புறப்பட்டு எங்கே மோதுகின்றன என்பதைப் பொறுத்து வளையம், சுழி, வில் என்ற வடிவம் தீர்மானமாகிறது. விரல் மெத்தையின் பருமன், கரு கிடந்த விதம், வளர்ச்சியில் சில நாள் முன்பின் என எல்லாமே அந்த மோதலில் கை வைக்கின்றன. மரபணு ஒன்றாக இருந்தும் இரட்டையரின் ரேகை வேறாவது இதனால்தான்.

இயந்திரம் வளையத்தையும் சுழியையும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளையும் அவற்றின் திசையையும் குறித்துக்கொள்கிறது. ஒரு விரலில் இப்படிப் பல பத்துப் புள்ளிகள் இருக்கும். பழைய வாசிப்பான்கள் பலவும் வேலை செய்வது கண்ணாடியும் ஒளியும் கொண்டு. விரல் படாத இடத்தில் ஒளி முழுதாகத் திரும்பிவிடும். தோலின் மேடு தொட்ட இடத்தில் திரும்பாமல் கசிந்து போகும். மேடு கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் விழ, அதிலிருந்து புள்ளிகள் எண்களாகின்றன. படத்தை உடனே அழித்துவிட்டு எண்ணை மட்டும் வைத்திருப்பதாக டிஸ்னி சொல்கிறது. நல்லது. ஆனால் எண்ணிலிருந்து ரேகையை மீட்க முடியாது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இத்தாலியின் பொலோஞ்ஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இலேயே சேமித்த புள்ளிகளைக் கொண்டு ரேகைப் படத்தைத் திரும்ப வரைந்து காட்டினார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு யப்பானில் சுதோமு மட்சுமோட்டோவின் குழு ஜெலட்டினில் போலி விரல் வார்த்து, சோதித்த 11 கருவிகளையும் ஏமாற்றியது. ஜெலட்டின் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும் பொருள்.

இங்கேதான் வாசகர் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே விரலை இருமுறை வைத்தாலும் பதிவு ஒன்றுபோல விழாது. அழுத்தம், ஈரம், சாய்வு எல்லாம் மாறும். ஆகவே இயந்திரம் ஆம், இல்லை என்று பார்ப்பதில்லை. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுகிறது. எத்தனை மதிப்பெண்ணில் கதவைத் திறப்பது என்பதை ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். எல்லையை உயர்த்தினால் ஏமாற்றுக்காரர் குறைவர், உரியவரும் தடுக்கப்படுவர். தாழ்த்தினால் உரியவர் தடையின்றிப் போவார், சில ஏமாற்றுக்காரரும் கூடவே நுழைவர். இரண்டு பிழையையும் ஒன்றாக இல்லாமற்செய்ய எந்தக் கருவியாலும் முடியாது.

டிஸ்னி வேர்ல்டின் மஜிக் கிங்டம் பூங்காவுக்கு மட்டும் 2023இல் 1 கோடி 77 இலட்சம் வருகைகள். நாளுக்குச் சராசரி 48,000. உரியவரில் நூற்றுக்கு ஒருவர் தடுக்கப்படுவதாக வைத்துக்கொண்டால் காலை வேளையில் அழுகிற பிள்ளையோடு 480 பேர் வாசலில் முரண்படுவார்கள். எந்த முகாமையாளரும் அதற்கு ஒப்பமாட்டார். ஏமாற்றுக்காரர் பத்துப்பேர் நுழைந்தால் போவது பத்துச் சீட்டு. எனவே பூங்கா தன் எல்லையைத் தளர்வாக வைப்பதுதான் புத்தி. அதற்கு வசதியும் உண்டு. சீட்டிலேயே எண் இருப்பதால், அந்த எண்ணுக்குரிய ஒரே ஒரு பதிவோடு ஒப்பிட்டால் முடிந்தது. பதினாயிரத்தில் ஒன்று தவறாகப் பொருந்தும் கருவியென்றாலும் வாசலுக்கு அது தாராளம். அதே கருவியை எண் எதுவுமில்லாமல் 50,000 பதிவுகளில் இந்த விரல் யாருடையது என்று தேடச் சொன்னால், ஒரு தேடலுக்கே சராசரி ஐந்து அந்நியர் பொருந்தி வருவார்கள். விரலடையாளம் நம்பகமானதா என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்பவர்கள் இந்த இரண்டு வேலையையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். சிலாவத்துறையில் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குபவர்களின் கை, இந்த இயந்திரங்களை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்த கை இல்லை. தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவது தோல் தண்ணீரை உறிஞ்சிப் பருப்பதால்தான் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியானால் நரம்பு அறுந்த விரலும் சுருங்க வேண்டுமே. அது சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். ஈரம் பட்டதும் நரம்பு விரல் நுனியின் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. உள்ளே சதையின் கனம் குறைகிறது. மேல்தோல் தொய்ந்து மடிகிறது. கை நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் தண்ணீரில் விரல் ஊறவைக்கும் சோதனையும் செய்வதுண்டு. உப்பு கூடக்கூடச் சுருக்கம் மெதுவாக வருகிறது என்பதால், கடல் குளிப்பவருக்குக் கிணற்றடியில் நிற்பவரைவிடச் சற்று அவகாசம் உண்டு. 2013இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த சோதனையில், சுருங்கிய விரலுக்கு ஈரமான பொருட்களைப் பற்றி எடுப்பது எளிதாக இருந்தது. கடலடியில் சங்கைத் தடவி எடுப்பவருக்கு உடல் செய்யும் உதவி என்று கொள்ளலாம். கரையேறிய உடனே வாசிப்பானில் வைத்தால் அதே உதவி உபத்திரவமாகிறது. மடிப்புகள் ரேகையை வெட்டி, இல்லாத முடிவுகளை உண்டாக்குகின்றன.

சுருக்கம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். தேய்மானம் போகாது. வலைக்கயிறு, சிப்பியின் விளிம்பு, மீன்முள், உப்பு எல்லாம் ரேகை மேட்டை அராவுகின்றன. சுண்ணாம்பும் சீமெந்தும் தொடுபவருக்கு அதைவிட மோசம். ஆழத்தோலில் வேர் இருப்பதால் வேலையை விட்டால் ரேகை திரும்ப வளரும், ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு உழைப்பவர் வேலையை விடுவதெப்படி? வயதாகும்போது தோல் வரண்டு நெகிழ்வை இழக்க, மேடு இன்னும் தட்டையாகிறது. சில மருந்துகளும் ரேகையைத் துடைத்துவிடும். கபெசிட்டபின் என்ற புற்றுநோய் மருந்து எடுத்துவந்த சிங்கப்பூர்ப் பெரியவர் ஒருவரை 2008 டிசெம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணிநேரம் தடுத்துவைத்தார்கள், விரலில் ஒன்றும் விழாததால்.

டிஸ்னியில் விரல் மறுக்கப்பட்டால் படமுள்ள அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகலாம். சம்பளமோ நிவாரணமோ வாங்கும் இடத்தில் அதே கருவி நிற்கும்போது இந்த இரண்டாவது கதவு இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் கேட்பேன். இலங்கையில் அரச அலுவலகங்களில் விரலடையாள வரவுப்பதிவை 2017 சுற்றறிக்கையொன்று கட்டாயமாக்கியது. 2025 ஓகஸ்டில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் முறைப்பாடுகளில் இந்த இயந்திரமும் ஒன்று. வேலைக்கு வராமல் ஒப்பம் வைப்பவர்கள் இருந்தார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. இருந்தும், பூங்கா தன் வாசலில் காட்டுகிற தாராளத்தைச் சம்பளப் பதிவேட்டில் எவரும் காட்டுவதில்லை. அங்கே தடுக்கப்படுபவருக்கு ஆகும் செலவு நிர்வாகத்தின் கணக்கில் வருவதில்லையே.

உடலைத் தொடாமலே ஏமாற்றை அடைக்கிற வழியும் உண்டு. இதே கரையில் அதைச் செய்திருக்கிறார்கள். கொண்டச்சி, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பல்லாயிரம் பேர் கூடும் தற்காலிக நகரம் எழும்பும். 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் சிப்பியெல்லாம் கொட்டு எனப்படும் வேலியடைத்த முற்றத்துக்குப் போகும். அங்கே குளித்தவர்களே தங்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரச உத்தியோகத்தர் வந்து எந்த இரண்டு அரசுக்கு என்று காட்டுவார், மிச்சம் அவர்களுக்கு. தன் பங்கு எதுவென்று முன்கூட்டித் தெரியாதவர் குவியலைச் சமமாகத்தான் பிரிப்பார். பங்கீட்டில் ஏமாற்ற இடமே இல்லை. டிஸ்னியின் விலைப்பட்டியலை எழுதியவர்கள் இதைக் கண்டிருக்க வேண்டும். (சிப்பியைத் திறந்து முத்தை வாயில் ஒளிப்பவர்களைக் கொட்டால் தடுக்க முடியவில்லை என்பது வேறு கதை.)

விரல் கேட்கும் பூங்காவை நீதிமன்றம் ஏற்றியவர்களும் உண்டு. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2008இல் ஒரு சட்டம் வந்தது: எழுத்தில் அறிவித்து எழுத்தில் சம்மதம் வாங்காமல் எந்த நிறுவனமும் விரலையோ முகத்தையோ பதியக் கூடாது. கடையில் விரல் வைத்துப் பணம் கட்டும் சேவை நடத்திய பே பை டச் என்ற நிறுவனம் 2007இல் வங்குரோத்தானபோது, வாடிக்கையாளரின் விரல்களும் கடன்காரருக்குப் போகும் சொத்தாகுமோ என்று எழுந்த பயம் இதற்கு ஒரு காரணம். 2014இல் பாடசாலைச் சுற்றுலாவில் போன 14 வயதுப் பையனின் பெருவிரலை சிக்ஸ் பிளாக்ஸ் பூங்கா பருவச் சீட்டுக்காகப் பதிந்தது. தாய் வழக்குப் போட்டார். பையனுக்கு என்ன நட்டம் என்று பூங்கா கேட்டது. 2019 ஜனவரி 25இல் மாநில உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் எடுத்ததே போதும், வேறு நட்டம் காட்டத் தேவையில்லை என்றது. 2021இல் பூங்கா 3 கோடி 60 இலட்சம் டொலருக்கு இணங்கியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உயிரியல் அடையாளங்களைச் சிறப்பு வகைத் தரவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

விரல் கொடுக்க வேண்டிவரும் கடல்தொழிலாளருக்குச் சில நடைமுறை விஷயம். கடலிலிருந்து வந்த கையோடு பதியப் போகாதீர்கள். சுருக்கம் இறங்கும்வரை பொறுங்கள். நன்னீரில் கழுவித் துடைத்து, தோல் வெடித்திருந்தால் துளி எண்ணெய் தடவி மீண்டும் துடையுங்கள். கண்ணாடியை ஓங்கி அழுத்தினால் மேடுகள் ஒட்டிக்கொள்ளும், இலேசாக வையுங்கள். முதல் பதிவு மங்கலாக விழுந்தால் பிறகு ஒவ்வொரு நாளும் இயந்திரம் மறுக்கும், ஆகவே பதியும் நாளில் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. கயிறு அதிகம் படாத கையின் மோதிர விரலையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். இயந்திரம் மறுத்தால் என்ன செய்வது என்பதை உத்தியோகத்தரிடம் அன்றைக்கே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.