வானவழி யாத்திரை – 9: திரைக்கு முன்னும் பின்னும்

சென்னையிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து நியூஜிலாந்தின் ஆக்லாந்து நகரம் ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இடையில் எங்கும் இறங்காமல் பறந்தால் பத்து மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஆகும். விடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் போகிற எங்கள் இருவருக்கும் இந்தப் பகுதிக்கு மட்டும் 'பிரீமியம் எக்கானமி' என்கிற வகுப்பில் மாப்பிள்ளை இடம் வாங்கியிருந்தார். "மாமாவுக்கு முழங்கால் வலி. அந்தப் பத்து மணி நேரமாவது காலை நீட்டி உட்காரட்டும்" என்று மகளிடம் சொன்னாராம். முழங்காலின் தயவால் எனக்குக் கிடைத்த அந்தப் பதவி உயர்வைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

நாங்கள் பிரயாணம் செய்தது டிசம்பர் 25-ந் தேதி இரவு. பண்டிகைக்கு முந்திய நாட்களில் விமானங்களில் மூச்சுவிட இடம் இராது என்றும், பண்டிகை தினத்தன்று கூட்டம் சற்றுக் குறைந்திருக்கும் என்றும் யோசித்தே மாப்பிள்ளை அந்தத் தேதியைத் தேர்ந்திருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவர்களுக்கும், தீபாவளியன்று மத்தியானம் அதே பஸ்ஸில் ஒரு வரிசையைத் தனியாக அநுபவித்தவர்களுக்கும் இந்தச் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டக் குறைவு பின்னால் என் கதைக்குள் வேறொரு ரூபத்தில் வரப் போகிறது என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நாங்கள் ஏறியது ஏர்பஸ் ஏ350-900 என்கிற இரட்டை எஞ்சின் விமானம். முன்பகுதியில் பிசினஸ் வகுப்பில் 42 ஆசனங்கள். அவை படுக்கைகளாக விரியக்கூடியவை. பின்பகுதியில் சாதாரண வகுப்பில் 187. இவ்விரண்டுக்கும் நடுவே, சம்பந்தி வீட்டாருக்கும் சமையல்காரருக்கும் இடையில் பந்தி விசாரிக்க நிற்கிறவரைப் போல, மூன்றே வரிசைகளில் 24 ஆசனங்கள் போட்டிருந்தார்கள். அதுதான் எங்கள் ராஜ்யம். அதன் முன்புறம் ஒரு திரை, பின்புறம் ஒரு திரை. விமானம் மேலே ஏறி நிதானத்துக்கு வந்ததும் பணிப்பெண் இரண்டு திரைகளையும் இழுத்து மூடினாள். முன்திரை மூடியபோது எனக்குச் சற்று அவமானமாகவும், பின்திரை மூடியபோது சற்றுப் பெருமையாகவும் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மனித சுபாவத்தின் இவ்விரண்டு விகாரங்களையும் ஒரே நிமிஷத்தில், ஒரே ஆசனத்தில் உட்கார்ந்தபடி அநுபவிக்கச் செய்கிற சாதனம் இந்த நடு வகுப்பைப் போல வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெருமையும் அவமானமும் தணிந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்த பழைய வழக்கம் தலைதூக்கியது. சாதாரண வகுப்பில் ஓர் ஆசனத்துக்கும் அதன் முன்னுள்ள ஆசனத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 32 அங்குலம். எங்கள் வகுப்பில் 38. அங்கே ஒரு வரிசைக்கு ஒன்பது பேர். இங்கே எட்டுப் பேர். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், பின்னால் இருப்பவர் அடைத்துக்கொள்கிற தரையைவிட நாங்கள் அடைத்துக்கொண்ட தரை சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆனால் எங்கள் சீட்டுக்கு மாப்பிள்ளை கொடுத்த விலையோ பின்பகுதிச் சீட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிலம் வாங்கி விற்கிறவர்கள்கூட இப்படியொரு லாபத்தைக் கேட்டால் கன்னத்தில் கைவைத்துக்கொள்வார்கள். அதிகப்படியாகக் கிடைத்த ஆறு அங்குலத்தோடு கெண்டைக்காலைத் தாங்க ஒரு பலகை, பாதம் வைக்க ஒரு கம்பி, சற்றுப் பெரிய தலையணை, சற்று அதிகமான சாமான் அளவு ஆகியவையும் சேர்ந்துதான் அந்த விலை என்பது வாஸ்தவமே. ஐந்தடி உயரமுள்ள என் மனைவிக்கு அந்தப் பலகை கெண்டைக்காலுக்குப் பதிலாகக் குதிகாலைத் தாங்கியது என்பதும் வாஸ்தவமே.

இந்த நடு வகுப்பு என்பது ஏதோ ஆகாயத்தில் புதிதாக முளைத்த விநோதம் என்று எண்ண வேண்டாம். நம்முடைய ரயில்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்பவற்றோடு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 'இண்டர்' என்று ஒரு வகுப்பு இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். மூன்றாம் வகுப்பில் போகக் கௌரவமும், இரண்டாம் வகுப்பில் போகப் பணமும் இடம்கொடாத குமாஸ்தாக்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் அது ஒரு புகலிடம். இங்கிலாந்திலோ இதற்கு நேர் விபரீதமாக ஒன்று நடந்தது. மிட்லண்ட் ரயில்வே கம்பெனி 1875-ம் ஆண்டில் நடு வகுப்பாகிய இரண்டாம் வகுப்பையே எடுத்துவிட்டது. மற்றக் கம்பெனிகளும் நாளடைவில் அதைப் பின்பற்றியதால், முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் மாத்திரம் உள்ள, இரண்டாவது என்பதே இல்லாத ரயில்களில் அந்த ஜனங்கள் பல்லாண்டு காலம் பிரயாணம் செய்தார்கள். 1956-ல்தான் மூன்றாவதற்கு இரண்டாவது என்று பெயர் மாற்றி எண் கணக்கைச் சரிசெய்தார்கள்.

இந்த வகுப்புகளின் அந்தரங்கத்தை அக்காலத்திலேயே கண்டு சொன்னவர் பிரெஞ்சு தேசத்து எஞ்சினீயர் ஜூல் துப்புய். மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டிக்குச் சில கம்பெனிகள் கூரை போடாமல் வைத்திருந்தது கூரைக்கு ஆகும் சொற்பச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல என்று 1849-ல் அவர் எழுதினார். ஏழையை வருத்துவது கம்பெனியின் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவன் சிக்கனம் பார்த்து மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் அவனைப் பயமுறுத்துவதே நோக்கம் என்பது அவருடைய சித்தாந்தம். நடுவில் உள்ள சௌகரியத்தை விற்க வேண்டுமானால், கடைசியில் உள்ள அசௌகரியம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். துப்புய் இன்று உயிரோடிருந்து எங்கள் விமானத்தில் ஏறியிருந்தால், பின்திரையின் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்திருப்பார்.

விமானங்களில் வகுப்புகள் ஏறி இறங்கிய சரித்திரமும் சுவையானது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களில் மலிவான 'டூரிஸ்ட்' வகுப்பு 1952-ல் வந்தது. அதனினும் மலிவான 'எக்கானமி' 1958-ல் வந்தது. பிறகு தள்ளுபடிச் சீட்டுகள் பெருகவே, முழுக் கட்டணம் கொடுத்த வியாபாரி, பாதிக் கட்டணம் கொடுத்த உல்லாசப் பிரயாணியின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார நேர்ந்து முணுமுணுத்தான். அவனைச் சமாதானப்படுத்துவதற்காக 1970-களின் இறுதியில் முன்னால் ஒரு பகுதியைத் தடுத்து உட்காரவைத்தார்கள். அதுவே பிசினஸ் வகுப்பு. ஆக, இன்று பிரபுக்களின் சயனமாக விளங்கும் அந்த வகுப்பும் பிறந்த காலத்தில் ஒரு நடு வகுப்புத்தான். அது வளர்ந்து, கொழுத்து, மேலே ஏறிப் போனதும் கீழே ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அந்த வெற்றிடத்தில் தைவான் தேசத்து ஈவா ஏர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு புதிய வகுப்பை அமைத்தது. இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக் 1992-ல் 'மிட் கிளாஸ்' என்று ஒளிவுமறைவில்லாமல் பெயர் வைத்தே ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் வகுப்பு ஆசனத்தைத் தட்டையான படுக்கையாக்கியது 2000-ம் ஆண்டில். தன் நடு வகுப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மேலே இருப்பவன் படுத்தால்தான் நடுவில் ஒருவன் நிமிர்ந்து உட்கார இடம் பிறக்கிறது போலும்! நம் தேசத்தில் 2015-ல் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா முதல் நாளிலிருந்தே இவ்வகுப்பை வைத்திருந்தது.

சரித்திரம் இவ்வளவில் நிற்கட்டும்; போஜனத்துக்கு வருவோம். முன்கூட்டியே சைவ உணவு வேண்டுமென்று சொல்லிவைத்திருந்ததால் எல்லோருக்கும் முன்பாக எங்களுக்குத் தட்டு வந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடிகிற வரையில் அந்தத் தட்டு எங்கள் மடிக்கு மேலேயே இருந்தது. பீங்கான் தட்டு, உலோகக் கரண்டி, துணிக் கைத்துண்டு எல்லாம் உபசாரமாகத்தான் இருந்தன. பருப்பில் மட்டும் உப்பில்லை. குற்றம் சமையல்காரனுடையதல்ல. இவ்வகை விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்ந்த உயரம். அந்த அழுத்தக் குறைவிலும், வறண்ட காற்றிலும் நாக்கு உப்பையும் இனிப்பையும் மந்தமாகவே உணர்கிறது என்பதை ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தார் பழைய விமானத்தின் உடற்பகுதிக்குள் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். திரையினால் தடுக்க முடியாத காற்று மூன்று வகுப்புக்கும் ஒன்றே. பருப்புக்குக் கொடுத்த விலை எதுவானாலும் நாக்குக்குத் தெரிகிற உப்பு ஒரே அளவுதான்.

நள்ளிரவுக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவின் பாலைவனத்துக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்தபோது, கால் மரத்துப்போய் எழுந்தேன். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைகிற ஆபத்து உண்டு. இதற்கு 'எக்கானமி கிளாஸ் வியாதி' என்று பத்திரிகைகள் நாமகரணம் செய்தது அவ்வளவு நியாயமல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் அந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்றும், ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே நேருகிறது என்றும், அசையாமல் இருப்பதே காரணம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் தெளிவுபடுத்தியது. ரயிலிலும் காரிலும் அப்படி உட்கார்ந்தாலும் அதே கதிதான். ஆகையால் நடந்தேன், நடக்கப் போதுமான நீளம் பின்பகுதியில்தான் இருந்ததால், பின்திரையை விலக்கிக்கொண்டு போனேன்.

அங்கே நான் கண்ட காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. பண்டிகை நாளின் புண்ணியத்தால் காலியாகக் கிடந்த மூன்று ஆசனங்களில், நடுவிலுள்ள கைப்பிடிகளை மேலே தூக்கிவிட்டு, எங்கள் சீட்டில் பாதி விலை கொடுத்த ஓர் இளைஞன் அனந்தசயனமாகப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தான். எங்கள் வகுப்பிலும் சில ஆசனங்கள் காலியாகவே இருந்தன. ஆனால் இவ்வகுப்பில் கைப்பிடி என்பது பெரும்பாலும் அகலமாக, கௌரவமாக, அசையாமல் பொருத்தப்பட்ட ஒரு திண்டு. அதைத் தூக்க முடியாது. எனவே இரண்டு மடங்கு கொடுத்தவன் உட்கார்ந்திருக்க, ஒரு மடங்கு கொடுத்தவன் படுத்திருந்தான். திரும்பி வந்து மனைவியை எழுப்பி இந்த அநியாயத்தைச் சொன்னேன்.

"அதுக்காக என்னங்க பண்ணச் சொல்றீங்க? நீங்க வேணும்னா அங்கே போய்ப் படுத்துக்குங்க. எனக்கு இதுதான் சௌகரியம்" என்றாள்.

"உனக்குக் காலே எட்டவில்லையே, என்ன சௌகரியம்?"

"இங்கே ரெண்டே இடம். ஜன்னலோரம் நான், பக்கத்திலே நீங்க. சென்னையிலிருந்து வந்த விமானத்திலே பக்கத்திலே யாரோ ஓர் ஆள்; நான் கையை எங்கே வைக்கறதுன்னு தெரியாம நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்க அங்குலக் கணக்கிலே அது வந்துச்சா?"

வரவில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2018 முதல் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் நியூயார்க் பிரதேசத்துக்கு இதே ஜாதி விமானத்தின் நீண்ட தூர வகையொன்று நிற்காமல் பறக்கிறது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பிரயாணத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எக்கானமியில் 94, அவ்வளவுதான். அந்த விமானத்தில் இதே ஆசனத்தில், இதே 38 அங்குலத்தில் உட்காருகிறவனுக்குப் பின்னால் பெருமைப்பட ஒரு திரை இல்லை. அவன்தான் கடைசி வகுப்பு. முழங்காலுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. குறைந்திருப்பது பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்கிற ஆறுதல் ஒன்றுதான். எங்களிடம் வாங்கிய இரட்டை விலையில் எவ்வளவு முழங்காலுக்கு, எவ்வளவு திரைக்கு என்பதை அப்போதுதான் நான் பகுத்துப் பார்த்தேன்.

ஆக்லாந்தில் எங்கள் பெட்டிகள் முன்னுரிமைச் சீட்டு ஒட்டியிருந்ததால் முதலில் வந்துவிட்டன. வந்து என்ன பயன்? நியூஜிலாந்துக்குள் தின்பண்டம் கொண்டுபோகிறவர்கள் அதை அறிவித்தாக வேண்டும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். மகளுக்காக மனைவி சுட்டுக் கொண்டுவந்திருந்த முறுக்கை முறைப்படி அறிவித்துவிட்டு, வகுப்பு வித்தியாசம் ஏதுமில்லாத அந்த நீண்ட வரிசையில் நின்றோம். அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்து, எண்ணெயில் வெந்த பண்டம் என்று தெரிந்துகொண்டு, மூடிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு முன்னால் நின்றவன் அந்த மூன்று ஆசனத்து இளைஞன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

இவ்வகுப்பில் இடம் வாங்க நினைக்கிற வாசகர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். இரவுப் பிரயாணமாக இருந்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளுமானால், வயதும் முழங்காலும் உங்களைப் போகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். பகல் பிரயாணத்துக்கும், நான்கைந்து மணி நேரத்துக்கும் அது தண்டம். இருவராகப் போனால் ஜன்னலோரத்து ஜோடி ஆசனத்தையே கேட்டு வாங்குங்கள். நடுவிலுள்ள நான்கில் சிக்கிக்கொள்ளாதீர்கள். திரைக்காக மட்டும் ஒருபோதும் வாங்காதீர்கள்.

நாங்கள் திரும்பி வருவது பகல் நேரத்து விமானத்தில். அதற்குப் பின்பகுதியிலேயே இடம் போட்டுவிடும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். என் மனைவி மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

(தொடரும்)