பேட்டிக்குப் புறப்பட்ட பெண்

செங்கற்பட்டுக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் வழியில் மறைமலைநகர் ஸ்டேஷனைக் கவனித்திருப்பார்கள். மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் அது. ஆனால் வெளியூராருக்கு அந்த ஊரைத் தெரியப்படுத்தியவை மோட்டார்த் தொழிற்சாலைகளே. அவற்றுள் பேர்பெற்ற போர்டு கம்பெனி 2022-ஆம் ஆண்டில் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. அவ்வூரில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம்.

வீட்டுப் பெண் சமூக சேவைக் கல்வியில் எம்.ஏ. வகுப்புக்கு ஒப்பான பட்டத்துக்குப் படிக்கிறாள். அந்தப் படிப்பில் பாதி புத்தகத்தில். மீதிப் பாதி ஊருக்குள். வாரத்தில் இரண்டு நாள் ஏதேனும் ஒரு ஸ்தாபனத்துக்குப் போய் வேலை பழக வேண்டும். அதற்குக் களப்பணி என்று பெயர். இவள் மனோவியாதியஸ்தர்களுக்கு உதவும் நிலையம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். கடற்கரைப் பக்கத்தில் உள்ள அந்த நிலையத்தார், மாணவர்களை நேரில் கண்டு பேசிய பிறகே சேர்த்துக் கொள்வார்களாம். பேட்டி வியாழக்கிழமை.

"மாமா, நீங்கள் கேள்வி கேளுங்கள், நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன்" என்றாள். பேட்டியில் தேறியவர் என்று நம்மை யார் அவளிடம் சொன்னார்களோ தெரியவில்லை. ஆயினும் ஊஞ்சலில் சாய்ந்து உட்கார்ந்து, அதிகாரியைப் போல் முகத்தை வைத்துக் கொண்டோம்.

முதற் கேள்விகளுக்கு மடமடவென்று பதில் வந்தது. சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1961 முதல் 1978 வரை அதன் தலைமையில் இருந்து, பின்னர் 1984-ல் ஸ்கார்ப் என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் திரியும் மனோவியாதியுள்ள பெண்களுக்காக 'பேன்யன்' என்ற இல்லத்தைத் தொடங்கினர். அது பின்னாளில் கோவளத்திலும் கிராம மக்களிடையே வேலை செய்யலாயிற்று. எல்லாம் சரி. ஆனால் கேட்ட நமக்கே தூக்கம் வந்தது. அகராதியை எழுந்து நிற்கச் சொன்னால் இப்படித்தான் பேசும்.

"ஏர்வாடியைப் பற்றிச் சொல்" என்றோம். பெண்ணின் குரல் மாறியது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அதைச் சொல்லிவிட்டு, "அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல, மாமா. வேறு வழி தெரியாதவர்கள்" என்றாள். இந்தப் பதில் எந்தப் பாடபுஸ்தகத்திலும் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இன்று சங்கிலி போடுவதை அடியோடு தடுக்கிறது என்பதையும், அச்சட்டம் 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது என்பதையும் அவளே சேர்த்துச் சொன்னாள்.

பிறகு கஷ்டமான கேள்விக்கு வந்தோம். "ஒருவர் உன்னிடம், 'இதை யாரிடமும் சொல்லாதே, நான் உயிரை விடப் போகிறேன்' என்கிறார். என்ன செய்வாய்?"

"ரகசியத்தைக் காப்பாற்றுவேன்" என்றாள், சட்டென்று.

அது தவறு. ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் உயிர் என்பது மெய். ஆனால் மனிதனின் உயிர் அதற்கும் முந்தியது. காப்பாற்ற முடியாத வாக்கை முதலிலேயே கொடுக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், எண்ணம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நேராகவே கேட்டு, மேற்பார்வையாளரிடம் அப்பொழுதே தெரிவிக்க வேண்டும். கேட்டால் எண்ணம் வளர்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மாணவி வைத்தியர் அல்லள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரை அழைத்துவரத் தெரிந்தவளா என்பதைத்தான் பேட்டி காண்பவர்கள் பார்ப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டோம்: "இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறாய்?"

பெண் பேசவில்லை. உள் அறைப் பக்கம் பார்த்தாள்.

அந்த அறையில் அவளுடைய பெரியப்பா இருக்கிறார். இருபத்தைந்து வயதில் சித்தம் கலங்கியவர். காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி ஊர் ஊராய்த் திரிந்தார். மந்திரம், தாயத்து, கோயில் வாசல் எல்லாம் பார்த்த பிறகுதான் வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். இப்பொழுது பல வருஷங்களாக மாத்திரை சாப்பிட்டு, தோட்ட வேலை செய்து, அமைதியாக இருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் மட்டும் அறைக் கதவு சாத்தப்படும். நாமும் பத்து வருஷம் அந்த வீட்டில் காபி சாப்பிட்டு, சாத்திய கதவைப் பார்த்தும் பார்க்காதவர்கள்தாம்.

அடுக்களையிலிருந்து தாயார் வந்தாள். "அண்ணா, அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லுங்கள். நாளைக்கு நாலு இடத்தில் சம்பந்தம் பேச வேண்டாமா? வம்சத்திலேயே இருக்கிறது என்பார்கள்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாளை நாம் குறை கூற மாட்டோம். அவள் பயம் கற்பனை அல்ல. அப்படிப் பேசும் நாக்குகள் நம் தெருவிலும் உண்டு, நேயர்கள் தெருவிலும் உண்டு.

"சொன்னால் சேர்த்துக் கொள்ள மாட்டார்களா, மாமா? சொல்லாவிட்டால் பொய் ஆகாதா?" என்றாள் பெண்.

சொந்த வீட்டுத் துயரத்தைச் சொல்லியே தீரவேண்டும் என்று எந்தப் பேட்டியிலும் விதி இல்லை. சொல்லாதிருப்பது பொய்யும் அல்ல. சொல்வதானால் அழுவதற்காகவோ இரக்கம் தேடுவதற்காகவோ சொல்லக் கூடாது. அதிலிருந்து கற்றது என்ன, அந்த நினைவு வேலையில் குறுக்கிட்டால் யாரிடம் பேசுவாய் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு நமக்கு ஒன்று உறைத்தது. "இது உன் கதை மட்டும் அல்லவே, அம்மா. அவரைக் கேட்டாயா?" என்றோம்.

நோயாளியின் செய்தி நோயாளிக்கே சொந்தம் என்று சட்டத்தைப் படித்த பெண் சற்று நேரம் திகைத்து நின்றாள். பிறகு கதவைத் திறந்து கொண்டு உள்ளே போனாள். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. கால் மணி கழித்துப் பெரியப்பாவே வெளியே வந்து, ஊஞ்சலின் மறுபாதியில் உட்கார்ந்தார். "பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். கேட்டால், வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கொய்யா மரம் வைத்திருக்கிறார் என்று சொல்லட்டும்" என்றார். தாயார் ஒன்றும் சொல்லாமல் அவருக்கும் சேர்த்துக் காபி கொண்டுவந்தாள்.

வியாழக்கிழமை நடந்ததைப் பெண் டெலிபோனில் சொன்னாள். ஏன் வந்தாய் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை! "மறைமலைநகரிலிருந்து இங்கே எப்படி வந்தாய்?" என்பதுதான் முதற் கேள்வி. வண்டலூர் வரை ஒரு பஸ், கேளம்பாக்கத்துக்கு ஒன்று, அங்கிருந்து கடற்கரைக்கு மற்றொன்று. "மாதம் ஒரு தடவை மருந்துக்கு வரும் ஒரு கிழவி இப்படி வர வேண்டுமானால் என்ன ஆகும்?" என்றார்களாம். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும், இரண்டு மாதம் வந்து மூன்றாம் மாதம் நின்றுவிடுவாள், மருந்து நின்றால் நோய் திரும்பும் என்று அவள் வரிசையாகச் சொன்னாளாம். அவள் பிறப்பதற்கு முன் பெரியப்பாவுக்கு மருந்து நின்ற கதையும் அதுதான். கதையைச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆறு வாரம் குறிப்பெழுதுவதும் வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் துணையாகப் போவதும்தான் வேலையாம். தாயார் எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பெரியப்பா, வண்டலூரில் எந்தப் பக்கம் நின்றால் கேளம்பாக்கம் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.