கண்ணாடி அரிப்பு

கண்ணாடி அரிப்பு என்பது நீர், ஈரப்பதம், காரம் முதலியவற்றால் கண்ணாடியின் மேற்பரப்பு மெல்லச் சிதைவதாகும். இரும்பின் துருவைப் போல இது எளிதில் கண்ணில் படுவதில்லை; அதனால் கண்ணாடியை எதுவும் பாதிக்காது என்ற எண்ணம் பரவலாக உள்ளது.

சன்னல்களுக்கும் பாட்டில்களுக்கும் பயன்படும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் சிலிக்கா 70 விழுக்காட்டை ஒட்டி உள்ளது. மீதியில் பெரும்பகுதி சோடியம், கால்சியம் ஆக்சைடுகள். நீர் பட்டதும் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தை நீரின் ஐதரசன் அயனிகள் பிடிக்கின்றன. இதனால் நீர் காரத்தன்மை அடைகிறது. ஓடும் நீராக இருந்தால் அந்தக் காரம் அடித்துச் செல்லப்பட்டுவிடும். தேங்கிய நீரிலோ அது சேர்ந்துகொண்டே போகும்; பிஎச் மதிப்பு ஏறத்தாழ 9-ஐத் தாண்டியதும் சிலிக்கா வலைப்பின்னலே கரையத் தொடங்குகிறது. அதாவது, கண்ணாடியை அரிப்பது அதிலிருந்தே வெளியேறிய பொருள்தான்.

ஆகவே, ஆண்டுக்கணக்கில் மழையில் நனையும் சன்னலைவிட, ஈரமான கிடங்கில் அடுக்கி வைத்த புதிய தகடுகளே விரைவில் வெண்மையாக மங்குகின்றன. தகடுகளுக்கிடையே சிக்கிய மெல்லிய நீர்ப்படலம் வெளியேற வழியில்லை. கறை முற்றிவிட்டால் துடைத்துப் பயனில்லை. இதைத் தவிர்க்கவே இடையில் தாளோ அமிலத்தன்மையுள்ள தூளோ இடுகின்றனர்.

கண்ணாடியின் சேர்மானமும் முக்கியம். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகள் பலவற்றில் மரச்சாம்பலிலிருந்து வந்த பொட்டாசியம் மிகுதி, சிலிக்கா குறைவு. அவை குழிவிழுந்து மங்கியுள்ளன. காரம் குறைந்த போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி நீரை நன்கு தாங்குவதால் ஊசிமருந்துக் குப்பிகளுக்கு ஏற்றது.

பெரும்பாலான அமிலங்களைத் தாங்கும் கண்ணாடி ஐதரோபுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும். ஆய்வகத்தில் சோடியம் ஐதராக்சைடு குப்பிக்கு ரப்பர் அடைப்பான் போடுவதும் அரிப்பை எண்ணித்தான். கண்ணாடி அடைப்பான் கழுத்தோடு இறுகி, திறக்க வராமல் போய்விடும்.