கண்டியில் ஓர் ஆடிக்கூழ்

யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பு வெயிலோடு வரும். கண்டியில் மழையோடு வருகிறது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்க்காகப் பாடிவைத்த ஆடி முதல் நாளன்று நானே கூழ் காய்ச்சினேன். வறுத்த பயற்றையும் தேங்காய்ச் சொட்டையும் அவியவிட்டு, அரிசிமாவைச் சிற்றுருண்டைகளாக்கிக் கொதிநீரில் இட்டேன். அவை வெந்ததும், எஞ்சிய மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றினேன். பனங்கட்டி மட்டும் அகப்படவில்லை; கண்டிச் சந்தையில் வாங்கிய கித்துள் கருப்பட்டியையே சேர்த்தேன்.

‘அம்மா காய்ச்சிய கூழ் இதுவன்று’ என நாக்கு முறையிட்டது. மலைநாட்டிற் பிறந்த என் மகளோ பலாவிலையால் அள்ளிக் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் தாங்கோ, அப்பா” என்றாள். நாளை அவள் நினைவில் நிற்கும் ஆடிக்கூழ் கித்துள் மணம் உடையதாகவே இருக்கும். அதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு, குறையில்லை. பனையும் கித்துளும் ஒரே குடும்பத்து மரங்களல்லவா?