லஞ்ச் பாக்ஸ் தினமும் மீதியா வருதா? மதியம் 12.30 மணியை நினைச்சு சமைச்சுப் பாருங்க!

ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையின் பையில் பெரும்பாலான அம்மாக்கள் முதலில் தேடுவது டிபன் பாக்ஸைத்தான். திறக்கக்கூட வேண்டாம், கையில் தூக்கினாலே தெரிந்துவிடும். கனமாக இருந்தால் வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பம். "ஏன்டா சாப்பிடல?" "டைம் இல்லம்மா." "காலையில நல்லாத்தானே இருந்துச்சு?" "அப்போ நல்லா இருந்துச்சு..."

அந்தக் கடைசி பதிலில்தான் விஷயமே இருக்கிறது. நாம் ருசி பார்ப்பது காலை 7 மணிக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில். பிள்ளை சாப்பிடுவதோ மதியம் 12.30 மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாப்பாடு மூடிய டப்பாவுக்குள், பைக்குள், சில நேரம் வெயில் படுகிற ஜன்னல் ஓரத்தில் கிடக்கிறது. அந்தப் பயணத்தைத் தாங்குகிற சாப்பாடுதான் நல்ல லஞ்ச் பாக்ஸ். சத்து, ருசி, அளவு எல்லாவற்றையும் அங்கிருந்து யோசிக்க ஆரம்பித்தால் பாதி பிரச்னை தீர்ந்துவிடும்.

ஐந்து மணி நேரத்தில் என்ன ஆகுது?

காலையில் குழைவாக இருந்த சாம்பார் சாதம் மதியம் கட்டியாக இறுகியிருக்கும். ஆறும்போது அரிசியும் பருப்பும் மிச்சமிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்வதுதான் காரணம். அதனால் சாம்பார் சாதம், பிசிபேளாபாத், வெண்பொங்கல் போன்றவற்றை, 'என்ன இவ்வளவு தளர்வா இருக்கு' என்று தோன்றுகிற பதத்தில் இறக்குங்கள். மதியம் சரியான பதத்துக்கு வந்திருக்கும்.

தயிர் சாதம் புளித்துப்போகிறது என்றால் பாட்டி காலத்து வழிதான் சரி. சாதத்தைக் குழைய மசித்து, வெதுவெதுப்பான பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து அனுப்புங்கள். டப்பாவுக்குள்ளேயே உறைந்து, மதியத்துக்குப் புளிக்காத தயிர் சாதமாக இருக்கும்.

சப்பாத்தி விறைத்துப்போகிறதா? மாவு பிசையும்போது வெந்நீரோ கொஞ்சம் தயிரோ சேர்த்து, சுட்டதும் நெய் தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி வையுங்கள். இட்லி என்றால் குட்டி இட்லியாக ஊற்றி, நல்லெண்ணெயும் பொடியும் புரட்டி அனுப்பினால் காயாது. முறுகல் தோசை, பூரி, உருளைக்கிழங்கு வறுவல் ஆகிய மூன்றும் தட்டில் சாப்பிட வேண்டியவை. டப்பாவுக்குள் போனால் அவற்றின் ஆவியே அவற்றை நமத்துப்போகச் செய்துவிடும்.

சுடச்சுட அடைத்து உடனே மூடுவதும் சிக்கல்தான். சாதாரண எவர்சில்வர் டப்பா என்றால், சாப்பாட்டைத் தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும் அடையுங்கள். சூடு காக்கும் இன்சுலேட்டட் டப்பா என்றால் நேர்மாறு. முதலில் அதில் கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, பிறகு கொட்டிவிட்டு, நல்ல சூடான சாப்பாட்டை நிரப்பி உடனே மூட வேண்டும். பாதி ஆறியதை அதில் வைத்தால், கிருமிகளுக்குப் பிடித்த வெதுவெதுப்பில் மதியம் வரை அடைகாப்பது போலாகிவிடும்.

கெட்டுப்போகிறவை எவை?

நம் ஊர் வெயிலுக்குத் தேங்காய்ச் சட்னி மதியம் வரை தாங்காது. அதற்குப் பதில் தக்காளித் தொக்கு, இட்லிப் பொடி, புதினாத் துவையல் என்று நன்றாக வதக்கியதை அனுப்பலாம்.

இன்னொரு விஷயம், ராத்திரி மிஞ்சிய சாதம். அதில் காலையில் லெமன் சாதம் கிளறுவது பல வீடுகளின் அவசர வழி. ஆனால் சாதத்தில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சோறு கொதித்தாலும் அவை சாகாது. சாதம் வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். மறுநாள் தாளித்துக் கிளறினாலும் அந்த நஞ்சு போகாது. மீந்த சாதத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், ராத்திரியே சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஸ்கூலுக்கு அனுப்ப, காலையில் வடித்த சாதம்தான் நிம்மதி.

மீன், கறிக் குழம்பு வகைகளைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டையை முழுதாக வேகவைத்து அல்லது நன்றாக உதிர்த்த பொடிமாஸாகச் செய்து, சூடு காக்கும் டப்பாவில் அனுப்புங்கள். அந்த வசதி இல்லாத வீட்டில், கோடைக்காலத்தில் முட்டையைக் காலை டிபனோடு கொடுத்துவிட்டு, மதியத்துக்குச் சுண்டல் வைத்துவிடலாம். புரதக் கணக்கு சரியாகிவிடும்.

அது என்ன புரதக் கணக்கு?

ஒரு வேளைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது: அரசுப் பள்ளி மதிய உணவு. தேசிய விதிமுறைப்படி 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஒரு வேளைக்கு 450 கிலோ கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8-ம் வகுப்பு வரை 700 கிலோ கலோரி, 20 கிராம் புரதம். சின்ன வகுப்புக்கு 100 கிராம் தானியம் என்றால், கூடவே 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. தமிழ்நாட்டில் இதோடு முட்டையும் உண்டு. அங்கே மதியத்துக்குச் சற்று முன்புதான் அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள் என்பது இன்னொரு ப்ளஸ். நாம் ஐந்து மணி நேரம் முன்பே கட்டிக்கொடுக்கிறோம்.

இந்த அளவுகோலோடு நம் வீட்டு டப்பாவை ஒப்பிட்டுப் பாருங்கள். லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பல வீடுகளின் 'ஹிட் காம்பினேஷன்'. 100 கிராம் அரிசியில் இருப்பது 7 முதல் 8 கிராம் புரதம். ஒரு குழந்தைக்கு 60 கிராம் அரிசி போட்டால் ஐந்து கிராம்கூடத் தேறாது. உருளைக்கிழங்கு அதைப் பெரிதாகக் கூட்டாது. வயிறு நிறையும், ஆனால் வளரும் உடம்புக்கான சரக்கு பாதிக்கும் கீழே.

இதைச் சரிசெய்ய புரோட்டீன் பவுடர் எதுவும் வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் கிட்டத்தட்ட அதே அளவு. லெமன் சாதத்திலேயே ஒரு கைப்பிடி வேர்க்கடலை போட்டாலும் ஐந்தாறு கிராம் ஏறிவிடும். வறுவல் இருந்த இடத்தில் சுண்டலை வைத்தாலே கணக்கு நேராகிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து

ஐ.சி.எம்.ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லி கிராம் இரும்புச்சத்து தேவை. 10 முதல் 12 வயதில் ஆண் பிள்ளைக்கு அது 16. அதே வயதுப் பெண் பிள்ளைக்கு 28! வளர்ச்சியும் மாதவிடாயும் சேர்ந்து வருகிற வயது அது. ஆனால், 'குண்டாயிடுவேன்' என்று சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தச்சோகை இருந்தது. வகுப்பில் தூங்கி வழிவது, மாடி ஏறினாலே மூச்சு வாங்குவது, படித்தது மனதில் நிற்காதது எல்லாவற்றையும் 'சோம்பேறித்தனம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ரத்தச்சோகை இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

டப்பாவில் என்ன செய்யலாம்? முருங்கைக்கீரை போட்ட அடை அல்லது பருப்பு சாதம், எள்ளுப் பொடி சாதம், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். கூடவே ஒரு நெல்லிக்காய்த் துண்டோ கொய்யாத் துண்டோ வைத்துவிடுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தாலும் சரி. கீரை, பயறுகளில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். சாப்பாட்டோடு டீ, காபி கொடுத்தால் அது தடைபடும்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு. 100 கிராமில் 340 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகு இட்லி, கேழ்வரகுப் புட்டு, வேர்க்கடலை சேர்த்த கேழ்வரகு உருண்டை என 11 மணி ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு ஏற்ற அயிட்டங்கள் நிறையவே உண்டு.

இருபது நிமிஷத்துல சாப்பிட முடியுமா?

"டைம் இல்லம்மா" என்பது எப்போதும் சாக்கு இல்லை. பெல் அடித்து, கை கழுவ வரிசையில் நின்று, இடம் பிடித்து உட்கார்ந்து, மூடியைத் திறப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். மிச்ச நேரத்தில் பாதி பேச்சுக்கு, பாதி விளையாட்டுக்கு. உண்மையில் சாப்பிடக் கிடைப்பது இருபது நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே கொய்யாவைத் துண்டாக்கி, ஆரஞ்சை உரித்துச் சுளையாக, சப்பாத்தியை ரோலாகச் சுருட்டி இரண்டாக வெட்டி அனுப்புங்கள். மென்று துப்ப வேண்டிய முருங்கைக்காய் வேண்டாமே. நான்கு அடுக்கு டப்பாவும் வேண்டாம். சாதத்துக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று போதும்.

மூடி மிக முக்கியம். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விரலுக்குத் திறக்க வராத 'லீக் ப்ரூஃப்' மூடி, அந்தக் குழந்தையைப் பட்டினி போட்டுவிடும். மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே மூடி எடுத்து வருகிற பிள்ளைகள் உண்டு. புது டப்பா வாங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை அதிலேயே போட்டு, உதவி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திறக்க முடிகிறதா, சிந்தாமல் எடுக்க முடிகிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

டப்பா எவர்சில்வராக இருப்பது நல்லது. சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் அடைக்க வேண்டாம். புளி, எலுமிச்சை சேர்ந்தவற்றை அலுமினிய ஃபாயிலில் சுற்ற வேண்டாம். செய்தித்தாளில் சுற்றவே கூடாது. அதன் மை சாப்பாட்டில் இறங்கும்.

சொல்லாத காரணம்

சில பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பிடித்திருக்கும், நேரமும் இருக்கும். ஆனாலும் டப்பா நிறைந்தே திரும்பி வரும். "ஐயே, என்ன நாத்தம்!" என்று பக்கத்தில் இருந்த ஒருத்தர் மூக்கைப் பிடித்திருப்பார். முட்டை, கருவாட்டுத் தொக்கு, பூண்டு, ஏன், கேழ்வரகுக் களியின் நிறம்கூட கேலிக்கு ஆளாகலாம். மறுநாளே "எனக்கு பிரெட் ஜாம் போதும்" என்று பிள்ளை சொல்லும். அது வாயின் விருப்பமாக இருக்காது. தன் வீட்டுச் சாப்பாட்டை நினைத்து வந்த வெட்கமாக இருக்கலாம்.

"ஏன் சாப்பிடல?" என்று கேட்டால் பதில் வராது. "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட? அவங்க என்ன கொண்டுவந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும். கேலி நடக்கிறது என்று தெரிந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கூடவே, அடுத்த வீட்டுச் சாப்பாட்டை முகம் சுளித்துப் பேசக் கூடாது என்பதை நம் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்போம்.

திங்கள் முதல் வெள்ளி வரை

திங்கள்: காய்கறி போட்ட தளர்வான சாம்பார் சாதம், வேகவைத்த முட்டை அல்லது பாசிப்பயறுச் சுண்டல்.

செவ்வாய்: பொடி புரட்டிய குட்டி இட்லி, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யாத் துண்டுகள்.

புதன்: முட்டைப் பொடிமாஸ் அல்லது பச்சைப்பட்டாணி மசியல் வைத்த சப்பாத்தி ரோல், ஆரஞ்சுச் சுளை.

வியாழன்: முருங்கைக்கீரைப் பருப்பு சாதம், கேரட் பொரியல், ஒரு நெல்லிக்காய்த் துண்டு.

வெள்ளி: வேர்க்கடலை நிறையப் போட்ட லெமன் சாதம், பீன்ஸ் பருப்பு உசிலி. வெயில் அதிகமான வாரத்தில் பால் ஊற்றிப் பிசைந்த தயிர் சாதம், மாதுளை முத்துகள், சுண்டல்.

வேர்க்கடலை போன்றவற்றால் அலர்ஜி உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பாக்கெட் சிப்ஸும் குளிர்பானமும் டப்பாவில் இடம்பிடிக்க வேண்டாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த இந்த வகை உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்றே 2020-ல் விதி கொண்டுவந்திருக்கிறது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கடையில் விற்கக் கூடாததை நாமே கட்டிக்கொடுப்பானேன்!

சுண்டலுக்கு ஊறவைப்பது, காய் நறுக்குவது, பொடி அரைப்பது மூன்றையும் முந்தைய இரவே முடித்துவிட்டால், காலையில் முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். அதில் பாதியை அப்பாக்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம்!

அப்புறம், ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். திரும்பி வரும் டப்பாவில் என்ன மிஞ்சியது என்று திட்டாமல் குறித்துவையுங்கள். ஐந்து நாளும் காய் மட்டும் மிஞ்சினால் செய்முறையை மாற்ற வேண்டும். எல்லாமே பாதி பாதி மிஞ்சினால் அளவு அதிகம், அல்லது நேரம் போதவில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் தொடாமல் வந்தால், அன்று வகுப்பில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வார மெனுவை உட்கார்ந்து போடும்போது, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்து நாளில் இரண்டு நாள் மெனு அவங்க சாய்ஸா இருக்கட்டும்.