உஷார்! முட்டை என்று ஒரு கல் வருகிறது

போனில் ஒரு படம் வந்து விழும். வெட்டிப்போட்ட மண்ணுக்கு நடுவே வழுவழுவென்று உருண்டைக் கற்கள், அளவு தெரிய ஓரத்தில் ஒரு செருப்புக் கால். மேலே ஒரு வரி: ‘நம்ம ஊர் ஓடையில் டைனோசர் முட்டை? உள்ளே இருந்தது என்ன தெரியுமா?’ தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த வரியை நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள்.

இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இது நடந்தது. உருண்டை உருண்டையாய்க் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று படம் ஊர் ஊராய்ப் பறந்தது. அவை அம்மோனைட் படிவுகள் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கிய செய்தியும் வந்தது. ஆனால் முட்டை போன வேகத்தில் விளக்கம் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், முட்டை கிடைத்த ஊர் என்றே சொல்வார்கள்.

அந்த வரியில் எதைப் பொய் என்று பிடிப்பீர்கள்? பிடிக்க முடியாது, ஆபத்தே அதுதான். ‘முட்டை’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாயிற்று. நாளைக்கு யாராவது கேட்டால், நான் கேள்விதானே கேட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறியதும் முதலில் உதிர்வது அந்தக் கேள்விக்குறிதான். ‘உள்ளே இருந்தது என்ன’ என்பது இன்னும் மோசம். பதில் கடைசிப் பத்தியில் இருக்கும், அது வரைக்கும் யார் படிக்கிறார்கள்? தலைப்பைப் பார்த்த நூறு பேரில் பெரும்பாலானவர்களுக்குத் தலைப்பேதான் செய்தி. விளையாட்டாகத்தான் போட்டோம், உள்ளே சரியாகச் சொல்லியிருக்கிறோமே என்பது படித்து முடித்தவருக்கு மட்டும் செல்லுபடியாகும் சமாதானம்.

அந்தக் கல்லுக்குள் இருப்பது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் உருண்டை இரண்டாகப் பிளந்து கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். முட்டையென்றால் மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும், அதில் காற்றுப் போக நுண்ணிய துளைகள் இருக்க வேண்டும். இதில் ஓடே கிடையாது. வெளியிலிருந்து நடு வரைக்கும் ஒரே இறுகிய கல். நடுவில், அதிர்ஷ்டம் இருந்தால், ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வரிவரியாய்ச் சுருண்ட ஒரு வடிவம். அதுதான் அம்மோனைட். கணவாய்க்குச் சொந்தம், ஓட்டோடு கடலில் நீந்திய உயிர். செத்து அடிமண்ணில் புதைந்ததும், தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அதைச் சுற்றிப் படிந்து படிந்து உருண்டையாய் இறுகிவிடும். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்து நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமத்தின் சக்கரமும் இதே இனத்தின் சுருள்தான்.

இந்த உயிரினம் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பாறைகளில் உள்ளவை அதற்கும் மூத்தவை. சில 10 கோடி ஆண்டைத் தாண்டும். அதாவது, இன்றைக்குக் கடல் பார்க்க பஸ் பிடித்துப் போக வேண்டிய அந்தக் கரிசல் காடு முழுக்க ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. சிமென்ட் ஆலைகள் வெட்டுகிற சுண்ணாம்புக் கல் அந்தக் கடல் விட்டுப்போனது. இதைவிட என்ன அதிசயம் வேண்டும்? ஆனால் முட்டை என்று ஒரு நாள் ஆசைகாட்டிவிட்டால், மறுநாள் உண்மை வரும்போது ‘ப்ச், வெறும் நத்தை ஓடா?’ என்று முகம் சுளிக்கிறார்கள். கடல் இருந்த சேதியே சப்பென்று ஆகிவிடுகிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

இழப்பு மனதோடு நிற்பதும் இல்லை. முட்டை என்றால் கடப்பாரை வரும். புதைபடிவத்துக்கு அது கிடந்த மண்ணடுக்குதான் விலாசம். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் என்பது தெரியாமல் பெயர்த்துக்கொண்டு போய் ஷோகேஸில் வைத்தால், அது வயது சொல்லாத வெறும் கல்.

இந்த வித்தை புதிதும் இல்லை. 1845-ல் ஆல்பர்ட் காக் என்பவர் அமெரிக்காவின் அலபாமாவில் தோண்டிய எலும்புகளை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் 114 அடி நீளக் கடல் பாம்பு என்று காட்சிக்கு வைத்தார். காசு கொடுத்து ஜனங்கள் பார்த்தார்கள். ஜெஃப்ரீஸ் வைமன் என்ற உடற்கூறு அறிஞர் வந்து பற்களைப் பார்த்தார். இரட்டை வேர்! பாம்புக்கு ஏது இரட்டை வேர்ப் பல்? பாலூட்டிக்குத்தான் உண்டு. போதாததற்கு ஒரே விலங்கின் எலும்புகளும் இல்லை, பலவற்றைக் கோத்து நீட்டியிருக்கிறார்கள். உண்மையில் அவை பாசிலோசாரஸ் என்ற ஆதித் திமிங்கிலத்தின் எலும்புகள். ஆதித் திமிங்கிலம் என்ற உண்மை போதாதென்று ‘பாம்பு’ தேவைப்பட்டது. அம்பலமான பிறகும் காக் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார், பிரஷ்யாவின் மன்னர் விலை கொடுத்து வாங்கினார்.

வித்தை பழங்கதையாகிவிடவும் இல்லை. 2013-ல் டிஸ்கவரி சேனல் மெகலடான் சுறா இன்னும் உயிரோடிருக்கிறது என்கிற தோரணையில் ஒரு படம் போட்டது. விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். நாடகப்படுத்தியது என்ற அறிவிப்பு கடைசியில் மின்னி மறைந்தது. அந்தச் சுறா அழிந்து 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

தலைப்பு எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. விளையாடாதீர்கள் என்று சொல்லவில்லை, தாராளமாக விளையாடுங்கள். ‘பெரம்பலூர் ஓடையில் கணவாயின் ஒண்ணுவிட்ட கொள்ளுத் தாத்தா’ என்று போடுங்களேன். சிரிப்பும் வரும், கடலும் வரும், கேள்விக்குறி உதிர்ந்தாலும் சேதி கெடாது. கடலில் வாழ்ந்த இக்தியோசார், பிளீசியோசார் எதையும் டைனோசர் என்று எழுதிவிடாதீர்கள். அவை வேறு ஊர்வன, டைனோசர் குடும்பமே இல்லை. ‘அசுரன்’ என்று எழுதக் கை போனால், கிடைத்தது உள்ளங்கை அளவா, ஆள் உயரமா என்று முதலில் கேளுங்கள். அளவை அதே வரியில் சொல்ல முடியவில்லையென்றால் ‘அசுரன்’ வேண்டாம்.

முட்டையே கிடைக்காது என்றும் நினைத்துவிடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளில் 256 டைனோசர் முட்டைகளைக் கண்டதாக 2023-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே மாவட்டத்தில் சில குடும்பங்கள் தலைமுறைகளாகக் குலதெய்வம் என்று கும்பிட்டுவந்த உருண்டைக் கல்லும் டைனோசர் முட்டைதான் என்று பிறகு தெரிந்தது. ஓட்டைப் பார்த்துச் சோதித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை கல் அதே இடத்தில் கிடக்கட்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ கல்லூரி நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை பெரம்பலூர்ப் பக்கத்துக் களிமண் மேடுகளை அரித்துவிட்டுப் போகும். ஓடைக் கரையில் புதிதாக நாலு உருண்டைகள் தலைகாட்டும். ஆடு மேய்க்கப் போன பையன் ஒருவன் போனை எடுப்பான். படத்துக்கு மேலே என்ன எழுதலாம் என்று அவனுக்கு முன்பே யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.